முந்திரிகைத் தோட்டமும் உல்லாசப் பிரயாணியும்
நன்னம்பிக்கை முனையில் மண்ணும் நீரும் பேணப்படும் முறை

நிலத்திலிருந்து பெறுவதை நிலத்துக்குத் திருப்பிக் கொடாத கமம் நெடுங்காலம் நிலைப்பதில்லை. இவ்வுண்மையை நெற்கமக்காரரும் மரக்கறிச் செய்கையாளரும் தம் அனுபவத்தால் நன்கு அறிவர். ஆயினும் மண்ணையும் நீரையும் பேணுவதற்காகும் செலவை எங்கிருந்து பெறுவது என்ற வினா எழும்போது பலரும் தயங்குகின்றனர். விளைபொருளுக்குக் கிடைக்கும் விலை அச்செலவைப் பெரும்பாலும் தாங்குவதில்லை. தென்னாபிரிக்காவின் தென்மேற்கு முனையிலுள்ள முந்திரிகைச் செய்கையாளர் இவ்வினாவுக்கு ஒருவகையில் விடை கண்டுள்ளனர். தோட்டத்தைப் பார்க்க வருவோரால் கிடைக்கும் வருவாயில் ஒரு பகுதி அத்தோட்டத்தின் மண்ணையும் நீரையும் காட்டையும் காக்க உதவுகின்றது. அவ்வாறு காக்கப்பட்ட தோட்டத்தைக் காண்பதற்கு மேலும் பலர் வருகின்றனர். அம்முறை எவ்வாறு அமைந்தது, அதன் நிறைவுகள் எவை, குறைகள் எவை என்பன இங்கு விளக்கப்படும்.

முந்திரிகைப் பழச்சாற்றைப் புளிக்கவைத்துப் பெறப்படும் மதுவே வைன் ஆகும். மது அருந்துதலின் நன்மை தீமை வேறு விடயம். அப்பழத்தை விளைவிப்போர் தம் நிலத்தை ஆளும் முறையே கமக்காரர் கவனிக்கத்தக்கது.

முனைக்கு முந்திரிகை வந்த வரலாறு

ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கும்பனி 1652 ஆம் ஆண்டில் நன்னம்பிக்கை முனையில் ஒரு தங்கிடத்தை அமைத்தது. கீழைத்தேசங்களுக்குச் செல்லும் கப்பல்களுக்கு நன்னீர், மரக்கறி, இறைச்சி ஆகியவற்றை வழங்குவதே அதன் நோக்கம். அங்கு அதிகாரியாயிருந்த ஜான் வான் றீபெக் 1655 இல் முந்திரிகைக் கொடிகளை நாட்டுவித்தார். 1659 பெப்ரவரி 2 ஆந் திகதி அங்கு முதன்முதலாக வைன் பிழியப்பட்டது. அதே கும்பனியின் படைகள் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது அதற்கு முந்திய ஆண்டிலாகும். பின்னர் முனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடிமைகளாக உழைத்தவர்களுள் இலங்கையிலிருந்து சென்றவர்களும் இருந்தனர்.

யாழ்ப்பாணத்தில் முந்திரிகைக் கொடி பந்தரிற் படரவிடப்படுகின்றது. கத்தரிக்குங் காலத்தை மாற்றி ஆண்டில் ஒரு முறைக்கு மேலும் அங்கு பழம் பெறலாம். முனையிலோ கொடிகள் வரிசையாக நட்ட கம்பங்களிடையே இழுத்த கம்பிகளிற் கட்டப்படுகின்றன. சில இடங்களில் எவ்வகைத் தாங்குமின்றிப் புதர்போல வளர்க்கப்படுகின்றன. குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்குவதால் ஆண்டுக்கு ஒரு போகமே உண்டு. மழை மே முதல் ஓகஸ்ட் வரையிலான குளிர்காலத்திலேயே பெய்கின்றது. அறுவடை நிகழும் பெப்ரவரி, மார்ச் மாதங்கள் கடுங்கோடையாகும். நீர் மிகக் குறைந்திருக்கும் அக்காலத்திலேதான் வைன் ஆலைக்கு நீர் மிகுதியாகத் தேவைப்படுகின்றது. முனையின் முந்திரிகைச் செய்கையாளரது இடர்களுள் பெரும்பாலானவை இதிலிருந்தே தோன்றுகின்றன.

பார்வையாளர் வருகை

கேப் ரவுண் நகருக்குக் கிழக்கே ஸ்ரெலன்பொஸ் என்னும் பழைய நகரம் உள்ளது. 1971 ஆம் ஆண்டில் அப்பகுதியைச் சேர்ந்த பிரான்ஸ் மலான், ஸ்பற்ஸ் ஸ்பேளிங், நீல் ஜூபேர்ட் ஆகிய மூவர் கூடி வைன் பாதை ஒன்றைத் தொடக்கினர். பிரான்சு தேசத்தின் பேர்கண்டிப் பகுதியில் இத்தகைய பாதை ஒன்றை மலான் கண்டு வந்திருந்தார். அயலிலுள்ள தோட்டங்கள் ஒன்று சேர்ந்து, பெயர்ப் பலகைகளை நாட்டி, வழிப்போக்கர் உட்புகுந்து தோட்டத்தையும் ஆலையையும் பார்ப்பதற்கு ஒழுங்கு செய்தலே அதன் சாரமாகும். ஒரே பண்டத்தை விற்கும் அயலவர் தம்முட் போட்டியிடாது ஒன்றுகூடியமையே அம்முயற்சியின் வெற்றிக்குக் காரணம் எனலாம். மூவர் தொடக்கிய பாதையில் இன்று நூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்கள் சேர்ந்துள்ளன.

தொடக்கத்தில் வைனைச் சுவைத்து வாங்கிச் செல்வதற்கே மக்கள் வந்தனர். காலப்போக்கில் அவர்தம் நோக்கம் விரிந்தது. பழம் எவ்வாறு விளைகின்றது, எந்த மருந்து தெளிக்கப்படுகின்றது, கழிவு நீர் எங்கே செல்கின்றது என அவர்கள் வினவலாயினர். அசுத்தமான வாய்க்காலையும் புல் பூண்டற்ற வெறுந்தரையையும் வைத்துக்கொண்டு இவ்வினாக்களுக்கு விடையளித்தல் இயலாது. எனவே நிலம் பேணுதல் தோட்டக்காரரின் வாணிகத்தோடு நேரே தொடர்புடையதாயிற்று.

நத்தையை ஒழிக்கும் தாராப் படை

இதற்குச் சிறந்த சான்று ஸ்ரெலன்பொஸ் நகருக்கு அண்மையிலுள்ள வெர்கெனூக்ட் என்னும் தோட்டமாகும். 1696 ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட பழைய நிலம் அது. அங்கு முந்திரிகைக்குப் பெருங் கேடு விளைப்பது நத்தை. குளிர்காலம் நீங்கிக் கொடி துளிர்விடுங் காலத்தில் நத்தைகள் ஏறி இளங்குருத்துக்களைத் தின்றுவிடுகின்றன. நத்தையைக் கொல்லும் நச்சுக் குறுணல்களை இடலாம்; ஆயின் அவற்றை உண்ணும் நாய்களும் பறவைகளும் மாண்டுபோவதுண்டு.

அத்தோட்டத்தார் அதற்குப் பதிலாக ஆயிரத்துக்கு மேற்பட்ட தாராக்களை வளர்க்கின்றனர். அவை இந்திய ஓட்டத் தாரா என்னும் இனத்தைச் சேர்ந்தவை. பெயரில் இந்தியா எனக் காணப்படினும் அவற்றின் பூர்வீகம் இன்றைய இந்தோனேசியத் தீவுகளாகும். அவை பறப்பதில்லை, உடலை நிமிர்த்திக்கொண்டு விரைந்து ஓடும் இயல்பின. மேய்ப்பர் அவற்றைத் தொழுவத்திலிருந்து கொடி வரிசைகளுக்கு ஓட்டிச் செல்கின்றனர். அவை நத்தைகளையும் புழுக்களையும் பொறுக்கி உண்டு, தம் எச்சத்தால் நிலத்துக்குப் பசளையும் இடுகின்றன. பழம் பழுக்குங் காலத்தில் மட்டும் அவற்றைக் கொடிகளின் பக்கம் விடுதலாகாது. பழத்தையும் அவை விரும்பி உண்ணும்.

தாராக்கள் அணிவகுத்துச் செல்லுங் காட்சியைக் காண்பதற்கென்றே நாள்தோறும் மக்கள் அங்கு கூடுகின்றனர். பீடையை ஒழிப்பதற்கு வளர்த்த பறவைகளே தோட்டத்துக்கு வருவோரை ஈர்க்கும் காட்சியாகவும் ஆயின. நஞ்சுக் குறுணலைப் பார்ப்பதற்கு எவரும் பணங் கொடுத்து வருவதில்லை.

வேறு பல தோட்டங்களில் இயற்கைப் பகைவர் வேறு வகையிற் பயன்படுத்தப்படுகின்றனர். கொடியின் இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெண்மூட்டுப் பூச்சிகளை அழிப்பதற்குச் சிறு குளவிகள் வளர்க்கப்பட்டு விடப்படுகின்றன. எறும்புகள் அப்பூச்சிகளின் இனிய கழிவை உண்பதற்காக அவற்றைக் காத்து நிற்பதால், எறும்பைக் கட்டுப்படுத்திய பின்னரே குளவிகளை விடுதல் பயன் தரும். எலிகளை ஒழிப்பதற்கு ஆந்தைகளுக்குப் பெட்டிகளும் பருந்துகளுக்குத் தங்குகம்பங்களும் அமைக்கப்படுகின்றன.

ஆலையின் கழிவு நீர்

வைன் ஆலையில் நீர் பெரும்பாலும் கழுவுதற்கே செலவாகின்றது. பிழியும் பொறிகள், தொட்டிகள், பீப்பாக்கள், நிலம் ஆகிய யாவும் அறுவடைக் காலத்தில் நாள்தோறும் கழுவப்படும். ஒரு லீற்றர் வைனுக்கு இரண்டு முதல் ஐந்து லீற்றர் வரை நீர் செலவாதல் வழக்கம். அந்நீரில் வெல்லமும் புளிப்பும் மதுவும் கலந்திருக்கும். அதை அப்படியே ஓடையில் விட்டால், அவற்றை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஒட்சிசனைத் தீர்த்துவிடும், மீன் மாளும், துர்நாற்றம் எழும். புழுங்கலரிசி ஆலைகளில் நெல் ஊறவைத்த நீரைத் தேங்கவிடும்போது உண்டாகும் நாற்றத்தை அறிந்தோர்க்கு இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

இக்கேட்டைத் தவிர்ப்பதற்கு மூன்று படிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, நீர் ஊற்றுமுன் சக்கையையும் வண்டலையும் தும்புத்தடியாலும் வழிதகட்டாலும் கூட்டி அள்ளிவிடுதல். செலவற்ற இவ்வொரு வழக்கத்தாலேயே கழிவின் வன்மை பெரிதுங் குறையும். இரண்டாவது, கழுவுதற்குப் பயன்படும் காரத்தை மாற்றுதல். சோடியம் சேர்ந்த காரங்கள் கலந்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் களிமண்ணின் கட்டமைப்புக் குலைந்து மண் இறுகிவிடும். ஆகவே பொட்டாசியம் சேர்ந்தவற்றைப் பல ஆலைகள் பயன்படுத்துகின்றன. பொட்டாசியம் பயிருக்கு வேண்டிய சத்துமாகும். மூன்றாவது, நீரைத் தொட்டிகளில் நிறுத்திக் காற்றோட்டி, நாணல் வளர்ந்த பாத்திகளினூடே செலுத்தித் தூய்மையாக்குதல். 1692 இலிருந்து பயிரிடப்பட்டு வரும் ஸ்பியர் என்னும் தோட்டத்தில் ஆலைக் கழிவு நீரோடு விருந்தினர் விடுதியின் கழிவு நீரும் சேர்த்துத் தூய்மையாக்கப்பட்டுப் பூந்தோட்டங்களுக்கும் புற்றரைகளுக்கும் பாய்ச்சப்படுகின்றது. விருந்தினரால் மிகும் நீர்ச் செலவுக்கு இதுவே தக்க பரிகாரமாகும்.

சக்கை மண்ணுக்கே திரும்புதல்

பிழிந்த பழத்தின் எடையில் ஐந்திலொரு பங்கிற்கு மேற்பட்டது தோல், விதை, காம்பு ஆகியனவாக எஞ்சுகின்றது. இச்சக்கையைக் குவித்துவிட்டால் அதிலிருந்து புளித்த நீர் கசிந்து கிணற்றைக் கெடுக்கும். தோட்டக்காரர் இதனை மாட்டெருவோடும் வைக்கோலோடும் கலந்து குவித்து, காலத்துக்குக் காலம் புரட்டிக் கூட்டெருவாக்குகின்றனர். பொட்டாசியம் மிகுந்த இவ்வெரு கொடியின் அடியில் இடப்படுகின்றது. வரிசைகளுக்கிடையே குளிர்கால மழையோடு தானியப் பயிர்களையும் அவரையினப் பயிர்களையும் விதைத்து, கோடை தொடங்குமுன் மடக்கி மூடாக்காக விடுகின்றனர். சாய்வான நிலத்தில் மண்ணரிப்பு இதனால் தடுக்கப்படுகின்றது. வெயிலில் ஈரம் ஆவியாதலும் குறைகின்றது.

வருவோர்க்கு உணவளிக்கும் மரக்கறித் தோட்டம்

மரக்கறிச் செய்கையாளர்க்கு விருப்பந் தரத்தக்க ஓரிடம் பபிலொன்ஸ்ரோரன் என்னும் பண்ணையாகும். அங்கு 2010 ஆம் ஆண்டில் பார்வையாளருக்குத் திறக்கப்பட்ட தோட்டம், கப்பல்களுக்கு மரக்கறி வழங்கிய கும்பனித் தோட்டத்தைப் பின்பற்றிச் சதுரப் பகுதிகளாக வகுக்கப்பட்டது. உணவுக்கோ மருந்துக்கோ பயன்படும் முந்நூறு வகைக்கு மேற்பட்ட பயிர்கள் அதில் உள்ளன. ஓடை நீர் பொறியின் உதவியின்றித் தன் பாய்ச்சலாலேயே வாய்க்கால்களில் இறங்கிப் பாத்திகளை அடைகின்றது. காலையிற் பறித்த மரக்கறி அப்பண்ணையின் உணவுச்சாலையிலேயே சமைக்கப்படுகின்றது. வண்டிக் கூலியும் இடைத்தரகும் வாடிப்போகும் நட்டமும் அங்கு இல்லை. அவ்வந்தப் பருவத்தில் விளைவதே விருந்தினர்க்குப் படைக்கப்படுதலால், விளைவு கூடிய காலத்தில் மரக்கறி தேங்கிக் கெடுவதும் குறைகின்றது.

பெருவறட்சியும் கமக்காரர் கொடையும்

2015 முதல் 2017 வரை மூன்றாண்டுகள் அடுத்தடுத்து முனைப் பகுதியில் மழை குன்றியது. கேப் ரவுண் நகருக்கு நீர் வழங்கும் நீர்த்தேக்கங்களுள் மிகப் பெரியதாகிய தீவோட்டர்ஸ்குளூவ் 480 மில்லியன் கன மீற்றர் நீர் கொள்ளத்தக்கது. 2018 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதில் சுமார் 13 வீதமே எஞ்சியிருந்தது. குழாய்கள் யாவும் மூடப்படும் நாளை நகராட்சி முன்கூட்டி அறிவிக்க நேர்ந்தது. 2018 பெப்ரவரி முதல் ஆள் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 50 லீற்றரே உரியதென விதிக்கப்பட்டது. கமத்துக்குரிய நீர்ப் பங்கும் பெரிதுங் குறைக்கப்பட்டது.

அவ்வேளையில் குரோன்லண்ட் நீர்ப் பாவனையாளர் சங்கத்தைச் சேர்ந்த கமக்காரர் தம் தேக்கங்களிலிருந்து சுமார் 10 மில்லியன் கன மீற்றர் நீரை நகருக்கு வழங்கினர். அப்பிளும் முந்திரிகையும் பயிரிடும் அவர்கள் நகரத்து மக்களின் தாகந் தீர்க்க முன்வந்தமை பலராலும் போற்றப்பட்டது. சொட்டு நீர்ப்பாசனமும் மூடாக்கும் மண்ணீரம் அளக்குங் கருவிகளும் அப்பகுதித் தோட்டங்களில் முன்னரே வழக்கத்திலிருந்தன. 2018 ஆம் ஆண்டின் குளிர்கால மழை வந்த பின்னரே நெருக்கடி தணிந்தது.

அவ்வறட்சி மலைச்சாரல்களின் அருமையையும் உணர்த்திற்று. முனையின் இயற்கைத் தாவரம் குள்ளமான செடிகளாலாயது. சுமார் 9,000 இனத் தாவரங்கள் அங்குள்ளன. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அந்நிலப் பகுதிகளை யுனெஸ்கோ நிறுவனம் 2004 இல் உலக மரபுரிமையாக ஏற்றது. அச்சாரல்களில் வெளிநாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட பைன், யூக்கலிப்ரஸ், வாற்றில் ஆகிய மரங்கள் பரவி நீரை மிகுதியாக உறிஞ்சிவிடுகின்றன. நகருக்கு நீர் தரும் பகுதிகளில் இவற்றால் ஆண்டொன்றுக்குச் சுமார் 5,500 கோடி லீற்றர் நீர் இழக்கப்படுவதாகக் கணக்கிடப்பட்டது. 1995 இல் அரசு தொடக்கிய திட்டமொன்றின்கீழ் வேலையற்ற மக்களைக்கொண்டு இம்மரங்கள் வெட்டி அகற்றப்பட்டு வருகின்றன. தோட்டக்காரரும் தம் எல்லைக்குள் இப்பணியை மேற்கொள்கின்றனர். 2004 இல் தொடங்கிய ஓர் ஒழுங்கின்படி தம் நிலத்தில் இயற்கைத் தாவரம் எஞ்சியுள்ள பகுதிகளை உழாது விடுவதாகப் பல தோட்டங்கள் உறுதியளித்தன. இவ்வாறு ஒதுக்கப்பட்ட நிலம் ஓர் இலட்சம் ஹெக்டயரைக் கடந்தது.

பதிவேடும் முத்திரையும்

நிலத்தைப் பேணுவதாக எவரும் சொல்லலாம். அதனை மெய்ப்பிப்பது எவ்வாறு? தென்னாபிரிக்க வைன் தொழிலார் 1998 ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த உற்பத்தி முறை ஒன்றை வகுத்தனர். எந்தப் பாத்திக்கு எந்த மருந்து, எந்நாளில், எவ்வளவு தெளிக்கப்பட்டது என்பதையும், நீர், பசளை, கழிவு ஆகியவற்றின் அளவையும் ஒவ்வொரு தோட்டமும் பதிந்து வைத்தல் வேண்டும். வெளியாளர் காலத்துக்குக் காலம் வந்து அப்பதிவேட்டையும் நிலத்தையும் ஒப்பிட்டு நோக்குவர். 2010 ஆம் ஆண்டின் அறுவடையிலிருந்து இவ்விதிகளுக்கு அமைந்த வைன் போத்தல்களில் இலக்கமிட்ட முத்திரை ஒட்டப்படுகின்றது. வாங்குவோர் அவ்விலக்கத்தைக்கொண்டு அப்போத்தலின் வரலாற்றை அறியலாம்.

குறைகள்

இவ்வளவு நன்மைகளைக் கூறிய பின் குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. முந்திய தலைமுறைகளில் தொழிலாளரின் கூலியில் ஒரு பகுதியை வைனாகவே கொடுக்கும் கொடிய வழக்கம் முனையில் நிலவியது. சட்டம் அதனைத் தடுத்த பின்னரும் அதனால் விளைந்த குடிப்பழக்கமும், கருவிலிருக்கும் குழந்தைகளைத் தாக்கிய கேடும் நீங்கவில்லை. 2012 நவம்பரில் டி டோர்ன்ஸ் என்னும் ஊரில் உண்ணும் முந்திரிகை விளைவிக்கும் தோட்டத் தொழிலாளர் நாட்கூலி போதாதென வேலைநிறுத்தஞ் செய்தனர். அது பல ஊர்களுக்கும் பரவியது. 69 ராண்டாக இருந்த மிகக் குறைந்த நாட்கூலி 2013 மார்ச்சில் 105 ராண்டாக உயர்த்தப்பட்டது. மண்ணைப் பேணி, அம்மண்ணில் உழைப்போரைப் பேணாத தோட்டத்தைப் பேணப்பட்ட தோட்டமெனக் கூறலாகாது.

பார்வையாளரின் வருகையும் சுமையற்றதன்று. தூர தேசங்களிலிருந்து ஆகாயக் கப்பலில் வருவோரால் எரியும் எண்ணெய், தோட்டத்தில் மிச்சப்படுத்தியதை விழுங்கிவிடக்கூடும். வைனை அடைக்கும் கண்ணாடிப் போத்தலை வார்ப்பதற்கும் மிகுந்த வெப்பம் வேண்டும். பாரங்குறைந்த போத்தல்களைச் சிலர் பயன்படுத்தத் தொடங்கியது இதனாலாகும். கடுங்கோடையில் விருந்தினர் பெருகும்போது நீர்ச் செலவும் பெருகும். மேலும், பயணங்கள் தடைப்படும் காலத்தில் பார்வையாளரை மட்டும் நம்பியிருப்போர் இடர்ப்படுவர். 2020 ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது தென்னாபிரிக்காவில் உல்லாசப் பயணத்தோடு மது விற்பனையும் பல தடவைகள் நிறுத்தப்பட்டதால் தோட்டங்கள் பெரும் நட்டமடைந்தன. ஆகவே பார்வையாளரால் வரும் பணத்தைத் துணை வருவாயாகவே கொள்ளுதல் அறிவுடைமையாகும்.

இலங்கைக் கமக்காரர் கொள்ளத்தக்கவை

இங்குள்ள கமம் நெல்லும் மரக்கறியும் சார்ந்தது. நில அளவும் சிறிது. ஆயினும் மேற்கூறியவற்றுட் பல இந்நாட்டுக்கும் பொருந்தும்.

சூடடித்த வைக்கோலை எரித்தல் ஆகாது. சக்கையைப் போன்றே வைக்கோலும் பொட்டாசியம் மிகுந்தது. வயலிற் பரப்பி உழுதாலும் கூட்டெருவாக்கினாலும் அச்சத்து மண்ணுக்கே திரும்பும். வாய்க்காலும் வயலும் உள்ள இடங்களில், நாற்று வேரூன்றிய பின் தாராக்களை மேயவிட்டால் அவை களைகளையும் பூச்சிகளையும் உண்ணும். கதிர் வெளிவரத் தொடங்கியதும் அவற்றை அகற்றிவிடுதல் வேண்டும். பீடைநாசினி தெளித்த வயலில் அவற்றை விடுதல் ஆகாது. வெற்றுப் பீடைநாசினிப் போத்தல்களை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றுதல் நன்று. கிணற்றடியிலோ வாய்க்காலிலோ அலசுதல் தகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக் கற்பாறையினூடே மேலிட்ட பசளை நிலத்தடி நீரை எளிதில் அடைகின்றது. செறிவாகப் பயிரிடப்படும் இடங்களின் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்து காணப்பட்டுள்ளது. ஆதலால் பசளையை அளந்தும் பிரித்தும் இடுதல் அவசியம். குளத்தின் நீரேந்து பகுதியிலுள்ள காட்டைக் கமக்காரர் அமைப்புக்கள் கூடிக் காத்தல் வேண்டும்.

பதிவேடு எழுதுதல் எவர்க்கும் இயலும். ஒரு சாதாரண கொப்பியில் விதைத்த நாள், இட்ட பசளை, தெளித்த மருந்து, பெற்ற விளைவு ஆகியவற்றைக் குறித்து வந்தால், செலவு எங்கே மிகுந்தது என்பது அடுத்த போகத்திற் புலனாகும். நஞ்சற்ற மரக்கறி என விற்க விரும்புவோர்க்கு அக்கொப்பியே முதற் சான்றாக அமையும்.

கமத்தைக் காண மக்கள் விரும்பி வருவர் என்பதற்கு இந்நாட்டிலும் சான்றுண்டு. கன்னொறுவையிலுள்ள விவசாயத் தொழினுட்பப் பூங்காவுக்குப் பாடசாலை மாணவரும் உல்லாசப் பிரயாணிகளும் வருகின்றனர். வீதியோரத்தில் நிலமுள்ள கமக்காரர் சிலர் ஒன்றுகூடி, தம் தோட்டங்களைத் துப்புரவாக வைத்து, அன்று பறித்த மரக்கறியையும் சமைத்த உணவையும் வழிப்போக்கர்க்கு விற்க முற்பட்டால், இடைத்தரகருக்குச் செல்லும் பணத்தில் ஒரு பகுதி தம் கையிலேயே தங்கும். இதனைத் தொடங்குமுன் குடிநீர், மலசலகூடம், கழிவகற்றல் ஆகியவற்றுக்கு ஒழுங்கு செய்துகொள்ளுதல் வேண்டும். இவற்றைப் பற்றிய ஆலோசனையைத் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கமக்காரர் பெற்றுக்கொள்ளலாம்.